அடையாள அட்டைப் படிவமும் தொண்டமான் ஐயாவும்

சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டில் எங்கள் வகுப்பில் தேசிய அடையாள அட்டைக்கான படிவங்களைக் கொடுத்தார்கள். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பிள்ளைகள் பலர் அன்றைக்கே நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்களில் சிலர் வெறும் படிவத்தோடு வீடு திரும்பினோம். அடையாள அட்டை இலங்கைப் பிரஜைகளுக்கு மட்டும். அப்பா அட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, செட்டியார் தெருக் கடையொன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். இருந்தும் எங்கள் குடும்பம் நாடற்றது.

ஏன் என்பதை எங்கள் சமூகக்கல்வி ஆசிரியர்தான் சொல்லித்தந்தார். பாடப்புத்தகத்தில் அது இருக்கவில்லை. 1947 தேர்தலில் இந்திய வம்சாவளி மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் போனவர் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அடுத்த வருடமே 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்திருந்தால் போதாது. தகப்பனாவது, இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாவது இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வரும்? 1949இல் வாக்குரிமையும் போனது. தமிழ்க் காங்கிரஸ் கட்சியிலிருந்து தமிழ்த் தலைவர் செல்வநாயகம் பிரிந்ததற்கு இந்தச் சட்டம் ஒரு முக்கிய காரணம் என்று சொல்லும்போது ஆசிரியரின் குரல் உயரும். அவர் யாழ்ப்பாணத்தவர். எங்கள் பிரச்சினையைத் தன் பிரச்சினையாகவே பேசினார். அந்த மரியாதையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

1952 தேர்தலில் மலையக மக்களால் வாக்களிக்க முடியவில்லை. கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் செய்தார்கள், அரசாங்கம் அசையவில்லை. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்த மிச்சத்தை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். யாரைப் பங்கிடுகிறார்களோ அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. என் பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அப்பாவும் பெரியப்பாவும் அதன் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை.

1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் ஐயா மக்கள் வாக்கால் மறுபடி நாடாளுமன்றம் போனார். 1978இல் அமைச்சரானார். 83 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பிறகும் அவர் அந்த அமைச்சரவையில் இருந்தது பலருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அதே பேச்சுத்தான். கடை எரிந்து, அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த அப்பா அவர் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுவார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அவர் வெளியே வந்திருந்தால் அடுத்து வந்த சட்டங்கள் வந்திருக்குமா? வந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன். ஒரு கையில் அமைச்சுப் பதவி, மறு கையில் தொழிற்சங்கம். இரண்டில் எதையும் அவர் விடவில்லை. 1984 வேலைநிறுத்தத்தில் பெண் தொழிலாளருக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் கிடைத்தது. அப்போது அவர் அமைச்சர்தான். தன் அரசாங்கத்துக்கு எதிராகத்தான் அந்த வேலைநிறுத்தம்.

1986 தைப்பொங்கலன்று பிரார்த்தனை இயக்கம் தொடங்கியது. காலையில் கொழுந்தெடுக்கப் போகாமல் கோயில்களில் கூடிப் பிரார்த்தனை செய்வது, கோரிக்கை பிரஜாவுரிமை. மூன்று மாதத்துக்கென்று திட்டமிட்டது, சில நாட்களிலேயே அரசாங்கம் இறங்கி வந்தது. கொழும்பில் நாங்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். 1986இன் 5ஆம் இலக்கச் சட்டம் அப்படிக் கிடைத்தது. 6,00,000 பேரை ஏற்க ஒப்புக்கொண்டிருந்த இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் 5,06,000 பேர்தான். இடையில் விடுபட்ட 94,000 பேருக்கும் இனி இலங்கைப் பிரஜாவுரிமை. பிறகு 1988இன் 39ஆம் இலக்கச் சட்டம். எனக்கு அதுதான் பெரியது. இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காத இந்திய வம்சாவளியினர், சட்டத்தின் பலத்தாலேயே பிரஜை. பாட்டன், பூட்டன் பத்திரங்களைத் தேட வேண்டியதில்லை. ஒரு சத்தியக் கடதாசி போதும்.

அப்பா அதை முடித்துக்கொண்டு வந்த நாளில், கந்தோர் கந்தோராக அவமானப்பட்டு அலைந்த கதைகளை முதல் தடவையாக எங்களுக்குச் சொன்னார். அதுவரை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம். 1989 பெப்ரவரியில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது வெள்ளை வேட்டி கட்டி, விடியமுன்பே வாக்களிக்கப் புறப்பட்டுவிட்டார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது, அதுதான் அவருடைய முதல் வாக்கு. யாருக்குப் போட்டார் என்று நாங்கள் கேட்கவில்லை.

1999 ஒக்டோபர் 30ஆம் திகதி தொண்டமான் ஐயா காலமானார். 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறி, மிச்சமிருந்தவர்களுக்கும் வழி பிறந்தபோது பார்க்க அவர் இல்லை. பழைய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் அவருக்குச் சிலை நிற்கிறது. கொழும்புக்குப் போகிற நமது பிள்ளைகளைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போகும்போது அங்கேயும் நிறுத்திக் காட்டுங்கள். இவர் யார், என்ன செய்தார் என்று சொல்லுங்கள்.

வாக்கு வந்துவிட்டது, காணி வரவில்லை. நாலு, ஐந்து தலைமுறையாக இருக்கிற லயக் காம்பராவுக்கு இன்னும் பெரும்பாலானவர்களிடம் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. நாட்கூலிக்காக ஒவ்வொரு தடவையும் தெருவுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்து, கொழும்பில் சொந்தக்காரர் வீட்டு மூலையில் படுத்தெழும்பிப் படிக்கிற பிள்ளைகள் இப்போதும் நமது கல்லூரியில் இருக்கிறார்கள். நமது பழைய மாணவர் சங்கம் அடுத்த வருடப் புலமைப்பரிசில் பட்டியலைத் தயாரிக்கும்போது அவர்களை முதலில் எடுக்க வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் பிரேரிக்க இருக்கிறேன். ஆமோதிக்க விரும்புகிறவர்கள் இப்போதே செயலாளருக்கு எழுதுங்கள்.