அமெரிக்காவில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் பிஎச்.டி.: நான் கடந்து வந்த வழி

பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவ, சுகாதாரத் தரவுகளை ஆராயும் புள்ளியியல் என்றதும், பிளஸ் டூவில் பயாலஜி படித்திருக்க வேண்டுமா என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். தேவையே இல்லை. நான் விண்ணப்பித்த துறைகளில் ஒன்றுகூட உயிரியல் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. அவர்கள் பார்ப்பது கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு, எல்லாவற்றுக்கும் மேலாக ரியல் அனாலிசிஸ், அதாவது கால்குலஸின் அடிப்படைகளை நிரூபணத்தோடு படிக்கும் பாடம். நம்மூர் பி.எஸ்சி. கணிதத்தில் எப்சிலான், டெல்டாவோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது லாபம்தான். அந்த ஒரு பாடம் இல்லாமல் தடுமாறிய அமெரிக்க மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரில் வரும். மூன்று பரிந்துரைக் கடிதங்கள், எதற்காகப் படிக்க விரும்புகிறோம் என்று ஒரு கட்டுரை, டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண். ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு இப்போது பல துறைகளில் கட்டாயமில்லை. கடிதம் கொடுப்பவர் பெரிய பதவியில் இருக்க வேண்டும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. துறைத்தலைவர் ‘ஒழுக்கமான மாணவர்’ என்று இரண்டு வரி எழுதுவதைவிட, உங்கள் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டை வரிவரியாகப் படித்த ஆசிரியர் ஒரு பக்கம் எழுதினால் அதற்குத்தான் மதிப்பு.

அடுத்தது பணம். இடம் கிடைத்தால் பொதுவாகக் கட்டணத் தள்ளுபடியும் மாத உதவித்தொகையும் சேர்ந்தே வரும். பதிலுக்கு ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். தரும் டி-32 பயிற்சி நிதி அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான். அதனால் நமக்கு எத்தனை வருடம் உத்தரவாதம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. அதற்குள் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

முதல் வருடம் முழுக்கப் புள்ளியியல் கோட்பாட்டுப் பாடங்கள், கூடவே லீனியர் மாடல்கள். துறை பொதுச் சுகாதாரக் கல்லூரிக்குள் இருந்ததால், நோய்கள் மக்களிடையே பரவும் விதத்தை ஆராயும் எபிடெமியாலஜியும் உண்டு. அதில் ஒருநாள் சென்னை வந்தது! காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்கு வீட்டிலும் மீதிப்பேருக்குச் சானடோரியத்திலும் மருந்து கொடுத்து, வீட்டுச் சிகிச்சையும் சளைத்ததல்ல என்று 1959-ல் காட்டிய ஆய்வு. அதை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். எத்தனையோ தடவை பஸ்ஸில் அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை.

கோடையில் தகுதித் தேர்வு. கோட்பாட்டுத் தாளைப் புத்தகம் பார்க்காமல் எழுத வேண்டும். இன்னொன்று, தரவைக் கையில் கொடுத்து அறிக்கை கேட்பார்கள். இரண்டு வாய்ப்புதான், அதற்கு மேல் மாஸ்டர்ஸோடு வெளியே அனுப்பிவிடுவார்கள். பழைய வினாத்தாள்களை நாலு பேர் சேர்ந்து போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு சூத்திரம் எனக்குத் தெரியாது.

உண்மையான பயிற்சி ஆய்வு உதவியாளர் வேலையில்தான் தொடங்கியது. நோயாளிகளின் தரவைத் தொடும் முன் ஆய்வு நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழ் வாங்க வேண்டும். சரி, வாங்கியாயிற்று. முதலில் வந்தது ஒரு எக்ஸெல் கோப்பு. இறந்தவர்களின் வரிசைகளுக்கு மஞ்சள் நிறம் பூசியிருந்தார்கள். இறப்பு என்று தனியாக ஒரு நெடுவரிசையே கிடையாது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் அதைத் திறந்தால் நிறமெல்லாம் போய், எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். வயது நெடுவரிசையில் அங்கங்கே 999. அது ‘தெரியவில்லை’ என்பதன் குறி.

தரவைச் சுத்தம் செய்த பிறகுதான் வேடிக்கை. டிஸ்சார்ஜ் ஆகி 90 நாளுக்குள் ஒரு மாத்திரையைத் தொடங்கியவர்கள், தொடங்காதவர்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள் என்று மருத்துவர் குழு நம்பியது. எண்களும் அப்படித்தான் சொல்லின. ஆனால் 80-ஆவது நாளில் மாத்திரை தொடங்க வேண்டுமென்றால் அதுவரை உயிரோடு இருந்தாக வேண்டும். பத்தாம் நாளே இறந்தவர், தொடங்கும் எண்ணத்தில் இருந்திருந்தாலும், ‘தொடங்காதவர்’ கணக்கில் போய் உட்காருகிறார். மாத்திரை ஒன்றுமே செய்யாவிட்டாலும் நல்லது செய்வதுபோலத் தெரியும். ஸ்டான்ஃபோர்டின் இதயமாற்று முடிவுகளில் இதே கோளாறை மிட்செல் கெயில் 1972-லேயே சுட்டிக்காட்டியிருக்கிறார். இறப்பு போன்ற ஒரு நிகழ்வு வரை ஆகும் காலத்தை ஆராயும் காக்ஸ் மாடல் வெளியானதும் அதே வருடம்தான். ஒவ்வொரு நோயாளியையும் மாத்திரை தொடங்கும் நாள்வரை ‘தொடங்காதவர்’ என்றும், அதன்பின் ‘தொடங்கியவர்’ என்றும் நேரத்தோடு மாறும் மாறியாகக் காக்ஸ் மாடலில் வைத்ததும் அந்தப் பெரிய பலன் கரைந்துபோனது. மருத்துவருக்கு இதைச் சமன்பாட்டில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பலகையில் மூன்று நோயாளிகளுக்கு மூன்று கோடு கிழித்து, மாத்திரை தொடங்கிய நாளில் ஒரு புள்ளி வைத்ததும் அவரே, “அப்படியானால் போன வருடம் போட்ட கட்டுரையும் இப்படித்தானா?” என்று கேட்டார். கோடு கிழிக்கும் அந்தத் திறமையை எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை.

என் ஆய்வேட்டின் தலைப்பும் அந்த மருத்துவரோடு பலகை முன் நடந்த பேச்சிலிருந்துதான் வந்தது. தலைப்புக்காக நூலகத்தில் தேடி அலைந்த நண்பர்களைவிட எனக்கு வேலை எளிதாக இருந்ததற்கு அதுவே காரணம். ஆய்வுத் திட்டத்தை முன்வைக்கும் முன்மொழிவுத் தேர்வில் குழுவின் ஆசிரியர்களில் ஒருவர் வேறு துறையிலிருந்து வர வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஒரு மருத்துவர். அப்புறம் மூன்று கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் தேற்றம், சிமுலேஷன் (கணினியில் செயற்கைத் தரவு உருவாக்கிச் சோதிப்பது), உண்மைத் தரவு. சிமுலேஷன்தான் காலத்தைத் தின்றது. நூற்றுக்கணக்கான வேலைகளைக் கிளஸ்டர் என்னும் கணினிக் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப்போவேன். காலையில் பாதி நின்றுபோயிருக்கும்.

டிஃபென்ஸ் என்பது ஆய்வேட்டை முன்வைக்கும் கடைசித் தேர்வு. முதலில் யாரும் வந்து கேட்கக்கூடிய பொதுப் பேச்சு, பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கேள்விகள். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் யாரையும் தோற்கடிக்க மாட்டார்கள், ஆனால் திருத்தங்கள் வரும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: ஓ.பி.டி. வேலை அனுமதிக்குப் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்பு வரைதான் விண்ணப்பிக்க முடியும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டமாக இருந்தால் 12 மாதத்துக்கு மேல் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். திருத்தமும் இந்த விண்ணப்பமும் ஒரே வாரத்தில் தலையில் விழும். டிஃபென்ஸ் தேதி குறிக்கும்போதே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.