57.3 செ.மீ. கட்டையில் டேஷ்கேம் பார்வைக் கோணம்

காரில் மாட்டிச் சாலையைப் பதிவுசெய்யும் டேஷ்கேமின் கிடைமட்டப் பார்வைக் கோணத்தைச் சுவரில் டேப் ஒட்டி அளந்ததும், கேமரா வைத்த கட்டையைச் சுழற்றி அளந்ததும் கடைசியில் கைகோத்துவிட்டன: 117.0, 117.1 டிகிரி. பெட்டியில் 140 என்று அச்சிட்ட 1080பி கேமரா. அந்த 140 மூலைக்கு மூலை அளவு என்பது இதில் கைவைத்தவர்களுக்குத் தெரியும். கோணத்துக்கு நேர்விகிதமாகப் படம் விழும் மீன்கண் வகை லென்ஸாக இருந்தால், 16:9 படத்தில் கிடைமட்டம் அதில் 0.87 பங்கு, அதாவது 122 இருக்க வேண்டும். அந்த 122கூட வராததால்தான் இரண்டு முறையிலும் அளக்க வேண்டியதாயிற்று.

சுவர் முறையில் கிடைத்த முதல் எண்கள்: லென்ஸின் முன்கண்ணாடியிலிருந்து சுவர் வரை 30 செ.மீ., படத்தில் தெரிந்த அகலம் 100.9 செ.மீ. பாதி அகலத்தைத் தூரத்தால் வகுத்து, டேன் இன்வெர்ஸ் எடுத்து இரட்டித்தால் 118.5. கேமராவை 60 செ.மீ.க்குத் தள்ளியபோது அகலம் 198.8, கோணம் 117.8. ஒரே லென்ஸுக்கு இரண்டு விடை! டேப்பில் பிழை இல்லை. கோணம் தொடங்கும் புள்ளி முன்கண்ணாடியில் இல்லாமல் சற்று உள்ளே இருக்கிறது. கிட்ட போகப் போக அந்தச் சில மில்லிமீட்டர் விடையைக் கெடுக்கிறது. இரண்டு அளவையும் கழித்துவிட்டால் புள்ளி எங்கிருந்தாலும் கவலையில்லை. அகல வித்தியாசம் 97.9, தூர வித்தியாசத்தின் இரு மடங்கு 60, வகுத்தால் 1.632, கோணம் 117.0. திரும்பிப் போட்டுப் பார்த்தால் புள்ளி கண்ணாடிக்கு 9 மி.மீ. பின்னால் வருகிறது. ஒரே தூரத்தில் அளந்து கிடைத்த விடையை நம்பவே கூடாது.

சுவரில் அளக்கும்போது படத்தின் நடு உயரத்தில் உள்ள வரிசையை மட்டும் பாருங்கள். பீப்பாய் வளைவு இருப்பதால் சுவரிலுள்ள நேர்கோடு படத்தில் வளைந்து விழும். மூலையில் அளந்தால் எண் வேறாகும். கேமரா இரண்டு டிகிரி திரும்பியிருந்தாலும் இடமும் வலமும் சமமாக இராது. மூலைமட்டம் வைத்து, லென்ஸிலிருந்து சுவருக்குச் செங்குத்து விழும் புள்ளியைக் குறித்து, இரு பக்கத்தையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் அந்தப் பிழை ஓடிவிடும். குவியம் மாறாத லென்ஸ் என்பதால் 30 செ.மீ.யில் எல்லாம் மங்கல்தான். மெல்லிய பென்சில் கோடு தெரியாது. ஒரு அங்குல கறுப்பு டேப்பை ஒட்டி, அதன் உள்விளிம்பைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி கட்டை. 57.3 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் 1 செ.மீ. வில் சரியாக 1 டிகிரி. 12 மி.மீ. பிளைவுட் துண்டின் ஒரு முனையில் போல்ட், அதிலிருந்து 57.3 செ.மீ. தள்ளி பென்சில், போல்ட்டுக்கு நேர்மேலே கேமரா. தரையில் சார்ட் தாளை ஒட்டி வில் வரைந்து, அதன்மேல் தையல் டேப்பை வளைத்துப் படிக்கலாம், 1 மி.மீ. என்றால் 0.1 டிகிரி. தையல் டேப் நாளடைவில் நீளும், முதலில் இரும்பு டேப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆரத்தில் 3 மி.மீ. பிசகினால் இந்தக் கேமராவில் 0.6 டிகிரி போய்விடும்.

நான்கு மீட்டர் தள்ளி, வெளிச்சத்தில் தூக்குக்குண்டோடு தொங்கும் வெள்ளை நூல்தான் குறி. நூல் படத்தின் இடது ஓரத்தைத் தொடும்வரை ஒரு பக்கம், வலது ஓரத்தைத் தொடும்வரை மறுபக்கம். இடைப்பட்ட வில்தான் கோணம். கேமராவில் மைக் இருப்பது பெரிய வசதி. கட்டையை நிறுத்தி, மூன்று விநாடி அசையாமல் வைத்து, டேப் எண்ணை உரக்கச் சொன்னால் அது காட்சியோடு பதிவாகிவிடும். பிறகு கணினியில் வி.எல்.சி. வீடியோ பிளேயரில் 'E' விசையால் ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிப் பார்க்கலாம். கேமரா திரையையோ செல்போன் செயலியையோ பார்த்து அளக்காதீர்கள்; சில கேமராக்கள் முன்காட்சியின் ஓரத்தை வெட்டிக் காட்டுகின்றன. அதிர்வை உணரும் ஜி-சென்சாரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு அசைவும் விபத்துக் கோப்பாகப் பூட்டிக்கொள்ளும்.

இந்த முறையில் உயிரை வாங்குவது லென்ஸைப் போல்ட்டுக்கு நேராக நிறுத்துவது. முதல் சுற்றில் 116.6 வந்தது. லென்ஸ் போல்ட்டுக்கு 2 செ.மீ. முன்னால் இருந்ததே காரணம். நான்கு மீட்டர் குறியில் ஒவ்வொரு ஓரத்திலும் கால் டிகிரி குறைகிறது. சரிசெய்யப் பனோரமா எடுப்பவர்களின் வித்தையே போதும்: அரை மீட்டரில் ஒரு கொடிக்கயிறு, அதன் பின்னால் நான்கு மீட்டர் நூல், இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக மறையும்படி வைத்துக் கட்டையைச் சுழற்றுங்கள். கயிறும் நூலும் பிரிந்தால் கேமராவை முன்பின் நகர்த்துங்கள். படத்தின் நடுவில் பிரியாத இடம் ஓரத்தில் பிரியும், அகலக் கோண லென்ஸில் கோணம் தொடங்கும் புள்ளியே கோணத்தோடு நகர்வதால். நாம் அளப்பது ஓரத்தை, ஆகவே ஓரத்தில் பிரியாத இடமே வேண்டும். அதைப் பிடித்த பிறகுதான் 117.1.

பிளைவுட்டை முழுப் பலகையாக வாங்காதீர்கள். மரக்கடையில் வெட்டுத்துண்டு கேட்டாலே கிடைக்கும். கண்ணாடிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டருக்குச் சென்னையில் இருப்பவர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தேடலாம், ஆனால் கோணத்தை அளந்த பிறகு மாட்டுங்கள். தடித்த விளிம்புள்ளது மூலைகளைக் கறுப்பாக்கும்.

கிடைத்த எண்ணுக்கு ஒரு பயன். படத்தின் அகலமான 1920 பிக்சலை 117ஆல் வகுத்தால் டிகிரிக்குச் சராசரி 16.4 பிக்சல். இந்தியக் கார் நம்பர் பிளேட்டில் எழுத்து உயரம் 65 மி.மீ., கோட்டுத் தடிமன் 10 மி.மீ. பத்து மீட்டரில் எழுத்து 6 பிக்சல், கோடு ஒரு பிக்சலுக்கும் குறைவு, படிக்கவே முடியாது. ஐந்து மீட்டரில் 12 பிக்சலும் 2 பிக்சலுமாகும், வண்டிகள் நிற்கும்போது தேறும்.

கேமராவைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அதே கட்டையில் செங்குத்துக் கோணமும் பார்த்தாயிற்று: 65.4. நேர்கோட்டை நேராகவே காட்டும் லென்ஸாக இருந்தால் 85 வந்திருக்க வேண்டும், மீன்கண் கணக்கில் 65.8. ஆக, லென்ஸ் எந்த வகை என்பதில் சந்தேகம் இல்லை. அதே கணக்கில் மூலைக்கு மூலை 134தான் தேறுகிறது. அதை நேரில் அளக்கக் கேமராவை 29.4 டிகிரி சாய்க்க வேண்டும். அடி 16 செ.மீ., உயரம் 9 செ.மீ. கொண்ட மர ஆப்பு வெட்டினால் தானாக அந்தச் சாய்வு வரும். ஆப்புக்குத் துண்டு எடுத்து வைத்திருக்கிறேன், அதன்மேல் கேமரா வழுக்காமல் நிற்க ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும்.