பெயிண்ட் அடிக்கும் உரிமத்தோடு பேனல் மாற்ற வந்தவர்

மின்வேலைக்கு ஆள் வைப்பதற்கு முன் உரிம எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்பது கலிபோர்னியாவில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். நானும் சரிபார்த்தேன். அப்படியும் 2,500 டாலருக்குக் காசோலை எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்தப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

எங்கள் வீடு அறுபதுகளில் கட்டியது. வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் 100 ஆம்ப் பேனலை 200 ஆக மாற்றி, மின்சாரக் காருக்குச் சார்ஜர் வைக்க வேண்டும். முன்பு இருந்தவர் பெர்மிட், அதாவது நகர அலுவலகத்தின் அனுமதி, இல்லாமல் கராஜில் இழுத்துவிட்டிருந்த லைனில் ஒருநாள் சாக்கெட் கருகியது. பிளாஸ்டிக் உருகி, சுவரில் கையகலத்துக்குக் கறுப்பு. அந்தச் சுவருக்கு மறுபுறம்தான் மகள் தூங்குகிறாள். அதனால்தான் இந்த முறை எதையும் விசாரிக்காமல் விடக்கூடாது என்றிருந்தேன்.

முதலில் வந்தவர் 6,800 டாலர் கேட்டார். மாநில ஒப்பந்தக்காரர் உரிம வாரியத்தின் தளத்தில் அவர் எண்ணைப் போட்டேன். பெயர் சரி, நிலை 'ஆக்டிவ்'. அத்துடன் நிறுத்திக்கொண்டது என் தவறு. காசோலைப் புத்தகத்தை எடுத்த நேரத்தில் என் கணவர் திரையைக் கீழே நகர்த்தி, "இவருக்கு சி-33 என்றல்லவா போட்டிருக்கிறது?" என்றார். மின்வேலைக்கு சி-10 வேண்டும். சி-33 பெயிண்ட் வேலைக்கான உரிமம். உரிமம் உண்மையானது, உயிரோடு இருப்பது, ஆனால் எங்கள் வேலைக்கு உதவாதது.

அவர் கேட்ட 2,500 டாலர் முன்பணமும் சட்டப்படி தவறு. வீட்டு வேலைக்கு மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. எங்கள் கணக்குக்கு அது 680 டாலர்தான். "பெர்மிட்டை நீங்களே வீட்டுக்காரர் பெயரில் எடுத்துவிடுங்கள், செலவு குறையும்" என்றும் சொல்லியிருந்தார். இப்படி யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். அப்படி எடுத்தால் அந்த வேலைக்கு முழுப் பொறுப்பும் நம் தலையில் வந்து விழும்.

இரண்டாமவருக்கு சி-10 இருந்தது. 25,000 டாலர் பிணைப் பத்திரமும் நடப்பில் இருந்தது. ஆனால் வேலையாளுக்கு அடிபட்டால் ஈடு தரும் பணியாளர் காப்பீட்டுக்கு எதிரே 'விலக்கு' என்று இருந்தது. தன்னிடம் வேலையாட்கள் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்த விலக்கு கிடைக்கும். எங்கள் வீட்டை அளவெடுக்க வந்தபோதோ கூடவே இரண்டு பேரை அழைத்து வந்திருந்தார். மனம் உறுத்தியது. இவர் இதற்கு முன் எடுத்த பெர்மிட்டுகள் என்ன ஆயின என்று பார்க்க அரைநாள் விடுப்பு எடுத்து நகர அலுவலகத்துக்குப் போனேன். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "ஒப்பந்தக்காரர் பெயரை வைத்துத் தேட முடியாது, முகவரி இருந்தால் சொல்லுங்கள்" என்றார். வேறு வழி உண்டா என்று கேட்டதற்கு, அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

வழி இருந்தது. பொதுப் பதிவேடுகள் சட்டத்தின் கீழ், இன்ன உரிம எண்ணில் கொடுத்த மின் பெர்மிட்டுகளின் பட்டியலும் அவற்றின் நிலையும் வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்டால் போதும். 10 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். இதை அந்த அலுவலர் ஒரு வரியில் சொல்லியிருந்தால் என் அரைநாள் மிஞ்சியிருக்கும். தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒன்பதாம் நாள் பட்டியல் வந்தது. ஏழு பெர்மிட்டுகள். அதில் நான்கு இறுதி ஆய்வே நடக்காமல் காலாவதியாகியிருந்தன. ஏழில் நான்கு வீட்டுக்காரர்கள் ஆய்வாளர் கண்ணில் படாத வேலைக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டை விற்கப் போகும்போதுதான் அவர்களில் பலருக்கு இது தெரியவரும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மூன்றாமவரிடம் முதல் பேச்சிலேயே, நீங்கள் வேலை செய்த மூன்று வீட்டு முகவரிகளைக் கொடுங்கள் என்று கேட்டேன். தயங்காமல் கொடுத்தார். நகரத்தின் தளத்தில் முகவரி போட்டுத் தேட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றிலும் 'ஃபைனல்டு', அதாவது இறுதி ஆய்வு முடிந்தது. அவர் 900 டாலர் கூடுதலாகக் கேட்டார், கொடுத்தோம். வேலைக்கு வந்த பையனிடமும் மின்பணியாளருக்கான மாநிலச் சான்று அட்டையைக் கேட்டேன். கோபப்படாமல் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினான்.

பெர்மிட்டை அவரே எடுத்தார். இரண்டு நாளில் வேலை முடிந்தது. ஆய்வாளர் வந்து பேனலின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். தரையிணைப்புக் கம்பியின் கவ்வியைக் கையால் அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. பிறகு பெர்மிட் அட்டையில் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை தளத்தில் எங்கள் முகவரியைப் போட்டேன். 'ஃபைனல்டு' என்று வந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.