தபால் பெட்டியில் அப்பாவின் பெயர்

ஜெர்மனியில் படிக்க வருகிறவர்கள் விசா கையில் கிடைத்ததுமே கரையேறிவிட்டதாக நினைக்கிறார்கள். அதில் தவறில்லை. நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ என்று ஒவ்வொன்றையும் சேர்த்து முடிப்பதற்குள் குடும்பமே களைத்துப் போகிறது. ஆனால் 2024 அக்டோபரில் ஆஹன் நகரில் வந்து இறங்கியபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இங்கே முகவரி இல்லாதவனுக்கு எதுவும் நகராது.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் தேவை. எனக்கு முதலில் கிடைத்த அறை உள்வாடகை. தங்கிக்கொள்ளலாம், ஆனால் அந்தத் தாளைக் கேட்கக் கூடாது என்றார் அறை கொடுத்தவர். பதிவு இல்லாமல் வரி எண் வராது, வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிப்பதும் சிக்கலாகிவிடும். நிம்மதியாகத் தூங்க முடியவில்லை.

வழி காட்டியவர் ஓர் ஈழத்து அம்மா. ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலில் அவரைச் சந்தித்தேன். ஊர் எது, என்ன படிப்பு என்றெல்லாம் கேட்கவில்லை. பதிவு முடிந்துவிட்டதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அகதியாக வந்து, விடுதியில் கடிதத்துக்காகக் காத்திருந்த காலத்தை அவர் மறக்கவில்லை. ஆஹனில் தனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டியின் வீட்டில் அறை காலியாக இருப்பதாகச் சொல்லி, அவரே பேசியும் கொடுத்தார்.

அந்த மூதாட்டி தாளில் கையெழுத்திட்டதும் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அதைச் சின்னச் சீட்டில் பெரிய எழுத்துகளில் எழுதி, கீழே இருந்த தபால் பெட்டியில் ஒட்டினார். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடுமாம். வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாமே அப்பாவின் பெயரைத் தேடித்தான் வந்து சேர்ந்தன. ஊரை விட்டு வெளியே போகாத அவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வெகுநேரம் பதிலே வரவில்லை. பிறகு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

வரப்போகிற தம்பி தங்கைகளுக்கு இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்வேன். முன்பணம் அனுப்புவதற்கு முன்பே, முகவரிப் பதிவுக்குத் தாள் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அந்த அறை வேண்டாம். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம் என்ற விதியை நம்பி, பகுதி நேர வேலையிலேயே கல்விக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஜெர்மன் மொழி தெரியாமல் முதல் பருவத்தில் வேலை கிடைப்பதே அரிது. பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் வரும் 992 யூரோவில் வாடகை, காப்பீடு, சாப்பாடு மூன்றும் அடங்குமா என்று ஊரிலேயே உட்கார்ந்து பாருங்கள். அடங்காது என்று தெரிந்தால் வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.