கிரகண நிழலில் ஓசோனும் காற்றின் ஏற்ற இறக்கமும்

சூரிய கிரகணத்தின்போது ஓசோன் குறையுமா, கூடுமா என்ற கேள்விக்கு, எந்த உயரத்தில் என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது. தரையருகே அது குறைகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடைச் சூரிய ஒளி உடைக்கும்போது பிரியும் ஆக்சிஜன் அணு, காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகிறது. ஒளி மங்கியதும் இந்த ஆக்கம் தளர்ந்துவிட, நைட்ரிக் ஆக்சைடு மட்டும் எஞ்சியிருக்கும் ஓசோனைத் தொடர்ந்து அழிக்கிறது. ஏறத்தாழ 50 கி.மீ.க்கு மேலே, இடைமண்டலத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே ஓசோனைச் சிதைப்பதே சூரிய ஒளிதான் என்பதால், இரவில் நடப்பதைப் போலவே கிரகண வேளையிலும் அதன் அளவு உயர்கிறது.

ஆனால், தரையருகே காணும் குறைவு முழுவதையும் வேதியியலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றும், அதற்கு ஈடாக மேலிருந்து இறங்கும் காற்றும்தான் பகலில் கீழ்க்காற்றைக் கலக்குகின்றன. கிரகணத்தில் தரை குளிரும்போது அந்த மேலெழுச்சி தளர்கிறது. நிலத்தின் மேல் மிதக்கும் சிறு திரள் மேகங்கள் அப்போது கலைவதும் இதனால்தான். மேலிருந்து ஓசோன் இறங்கி வருவது குறைய, தரையருகே வெளியாகும் நைட்ரிக் ஆக்சைடோ மேலே பரவ வழியின்றித் தேங்குகிறது.

உயரத்தில் நிகழும் அசைவு வேறு வகையானது. நிலவின் நிழல் நிலநடுக்கோட்டருகே கூட மணிக்குச் சுமார் 1,700 கி.மீ. வேகத்தில், ஒலியை விஞ்சி ஓடுகிறது. ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சூடாக்கும் அடுக்கு திடீரெனக் குளிர்வதால், கப்பலின் முகப்பில் பிரியும் அலைபோல் வளிமண்டலத்தில் மேலும் கீழுமான அலைகள் எழும் என்று 1970-இல் கிமோனாஸ், ஹைன்ஸ் என்ற ஆய்வாளர்கள் கணித்தனர். 2017 ஆகஸ்ட் 21 கிரகணத்தின்போது அமெரிக்காவுக்கு மேலே, மின்னூட்டம் பெற்ற துகள்கள் உள்ள உயர் அடுக்கான அயனிமண்டலத்தில் அத்தகைய அலைகள் ஜிபிஎஸ் அளவீடுகளில் புலப்பட்டன.

தரை முதல் உச்சி வரையிலான மொத்த ஓசோனைப் பற்றிய செய்திகளை மட்டும் நான் மிகுந்த எச்சரிக்கையோடு வாசிக்கிறேன். அதன் பெரும்பகுதி இருக்கும், இடைமண்டலத்துக்குக் கீழேயுள்ள அடுக்குமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் ஓசோன் மாதக்கணக்கில் நிலைப்பதால், ஓரிரு மணி நேர நிழலின் வேதியியல் அதை அசைத்துவிடாது. மேலும், மொத்த ஓசோனை அளக்கும் டாப்சன் கருவி, ஓசோன் மிகுதியாக உறிஞ்சும் குறுகிய அலைநீளம், குறைவாக உறிஞ்சும் நீண்ட அலைநீளம் என இரு புற ஊதா அலைநீளங்களின் விகிதத்தைக் கொண்டு அதைக் கணிக்கிறது. கிரகணத்தில் எஞ்சும் சூரிய விளிம்பின் ஒளியிலோ குறுகிய அலைநீளங்கள் இயல்பாகவே குறைவு. அதைத் திருத்தாமல் விட்டால், ஓசோன் கூடியதாகக் கருவி தவறாகக் காட்டும்.