கடைசி ஆள்

"அண்ணே, கொஞ்சம் கம்மியாப் பேசுங்க."

"எவ்வளவு கம்மி தம்பி? கடைசி ஆளுக்குக் கேட்க வேண்டாமா?"

"கடைசி ஆளெல்லாம் இங்க இல்லண்ணே. கேமரா மட்டும்தான்."

இந்த மூன்று வரியும் என் கதையில் வந்திருந்தால் மூன்றாவதை அடித்திருப்பேன்.

அந்த அண்ணனும் நானும் எட்டு வருடம் ஒரே நாடகக்குழுவில் இருந்தோம். அடிவயிற்றிலிருந்து குரலை எடுக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒத்திகையில் அரங்கின் கோடிக்குப் போய் நின்றுகொண்டு "கேட்கல" என்பார். அப்புறம் நான் சிறுகதை எழுத ஆரம்பித்து, அந்தக் கதைகளைக் காட்டி சினிமாவில் வசன உதவிக்குச் சேர்ந்தேன். (சிறுகதைக்காரரான ந. முத்துசாமி நாடகத்தின் பக்கம் வந்து 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். நான் எதிர்த்திசையில் போனவன். வாடகை கட்ட வேண்டியிருந்தது.)

அந்த வேடத்துக்கு அவரைச் சொன்னதும் நான்தான். ஆறு வரி, குளோசப். முதல் டேக்கிலேயே புருவமும் கழுத்து நரம்பும் எழுந்து நின்றன. முப்பது அடி தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கு அது சரியான முகம். மானிட்டரில் பார்க்க முடியவில்லை. நான்காவது டேக் முடிந்ததும் இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். நான் ஆறு வரியை ஒன்றாக்கினேன். "சரி தம்பி" என்றார். அடுத்த டேக் ஓகே.

வெட்டியதில் தப்பில்லை. அந்த ஒரு வரிதான் காட்சிக்குத் தேவைப்பட்டது. வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவரைத் தனியாகக் கூட்டிப்போய், குரலை டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை இயக்குநரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

டப்பிங்கில் அந்த ஒரு வரியையும் வேறு ஒருவர் பேசினார். அன்று ஸ்டுடியோவில் நான் இருந்தேன்.

படம் வந்த வாரம் அவரே போன் செய்தார். "கடைசி வரிசையிலதான் உட்கார்ந்தேன் தம்பி. நல்லாக் கேட்டுச்சு."

குத்தலாகப் பேசுகிறவர் இல்லை அவர்.

இதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் அவருடைய ஆறு வரியையும் திருப்பிக் கொடுத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது நீளமாகத் தெரிந்தது. இப்போது இரண்டு வரி இருக்கிறது.