எள்ளும் தண்ணீரும், பன்னிரண்டு பெயர்களும்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தாயகம் திரும்பிய குடும்பங்களில் பல அப்பாக்களுக்குக் கடைசி ஆசை ஒன்றுதான். "என்னைப் பெத்தவங்களுக்கு ராமேஸ்வரத்துல எள்ளுந் தண்ணியும் இறைச்சிருங்கப்பா." காசிக்குப் போகக் கேட்கமாட்டார்கள். பாட்டனும் பூட்டனும் கடல் தாண்டிப் போனது இந்த ராமேஸ்வரம் தீவு வழியாக, மிஞ்சியவர்கள் வந்து இறங்கியதும் இதே தீவில்.

1914-ல் பாம்பன் பாலம் வந்தபின் போனவர்களை மண்டபம் கேம்ப்பில் நிறுத்தி வைத்து, நோய் நொடி பார்த்து, தனுஷ்கோடியில் கப்பலேற்றித் தலைமன்னாரில் இறக்கினார்கள். அதற்கு முந்திய தலைமுறை மன்னார்ப் பக்கம் கரையேறி மலைநாட்டு மாத்தளை வரை காட்டுவழியே நடந்தது. வாந்திபேதியில் விழுந்தவர்களுக்கு அந்தப் பாதையே சுடுகாடு. காரியம் செய்யக் கூட ஆளில்லாமல் போனவர்கள் அவர்கள்.

திரும்பி வந்த கதைக்கும் தேதி உண்டு. தோட்டத் தமிழரை எந்த நாடு ஏற்பது என்று இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. இந்தியா ஏற்றுக்கொண்ட கணக்கு 5,25,000 பேர். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. அதனால்தான் திரும்பியவர்களின் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. 1984-ல் அதுவும் நின்றது.

சரி, காரியத்துக்கு வருவோம். புரோகிதர் முன் உட்கார்ந்ததும் கோத்திரம் கேட்பார், அடுத்து பெயர்கள். அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று மூன்று. அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, அந்தத் தாத்தாவைப் பெற்ற பூட்டி என்று மூன்று. அம்மா வழியிலும் இப்படியே ஆண்கள் மூவர், அவர்களுடைய மனைவிமார் மூவர். ஆக 12. அம்மா இருக்கிறார் என்றால் அப்பாவைப் பெற்ற பாட்டியிலிருந்து மேலே மூன்று தலைமுறை எண்ண வேண்டும். அப்பா உயிரோடிருந்தால் மகன் தர்ப்பணம் செய்வதில்லை.

கரையில் முக்கால்வாசிப் பேர் திணறுவது இங்கேதான். தாத்தா பெயர் வரும், அதற்குமேல் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெண்கள் பெயர் என்றால் இன்னும் கஷ்டம், "பாட்டின்னுதான் கூப்பிடுவோம்" என்பார்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தேட ஆரம்பியுங்கள். முதலில் எடுக்க வேண்டியது, வரும்போது கொடுத்த குடும்ப அட்டை. பழைய பாஸ்போர்ட், தோட்டப் பெயர் போட்ட பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட டி.சி. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். செக்ரோல் என்ற தோட்டத்துப் பெயர்ப்பதிவேட்டில் ஒன்று, லயம் என்ற வரிசை வீடுகளில் கூப்பிட்டது ஒன்று, குலதெய்வத்தின் பெயராக வைத்தது ஒன்று. இங்கிலீஷில் எழுதித் திரும்பத் தமிழுக்கு வந்ததில் கருப்பையா கருப்பாயி ஆகியிருந்தாலும் ஆச்சரியமில்லை. வீட்டில் கூப்பிட்ட பெயரையே சொல்லுங்கள். அந்தப் பெயருக்குத்தான் அவர் திரும்பிப் பார்த்திருப்பார்.

காகிதத்தில் இல்லாததை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால், பெயரைவிட ஊர்தான் முதலில் வரும். "எந்த ஊரு மாரியம்மன்? எந்த முனி?" என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் பேக்டரி எந்திரத்துக்குக் காவல் என்று ரோதமுனியைக் கும்பிட்டாலும், ஊர்ச் சாமியை யாரும் மறந்ததில்லை. சாமியைப் பிடித்தால் ஊர் கிடைக்கும், ஊர் கிடைத்தால் பங்காளி கிடைப்பான்.

கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் என்று சொல்லிச் செய்து வைப்பது நடப்புதான். பெயரே கிடைக்காவிட்டால் உறவைச் சொன்னால் போதும். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்குமாகச் சேர்த்து இறைக்கும் தண்ணீரும் உண்டு. கடைசியில், தாய் தகப்பன் உற்றார் யாருமற்றவர்களும் இந்தத் தர்ப்பைத் தண்ணீரால் திருப்தி அடையட்டும் என்று ஒரு மந்திரம் வரும். அப்போது மட்டும் அவசரப்படாதீர்கள். உள்ளங்கையில் எள் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கும். மாத்தளைக் காட்டில் விழுந்தவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு கைத் தண்ணீர்.

பெயர்களை பால்பாயின்ட் பேனாவால் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். இங்க் பேனா வேண்டாம், கடல் குளியல் முடிவதற்குள் பூட்டன் கரைந்துவிடுவார்.

ஸ்டேஷன் வாசலிலேயே "அய்யர் வேணுமா, தீர்த்தம் வேணுமா" என்று மொய்ப்பவர்களிடம் எதுவும் பேசி முடிக்காதீர்கள். எள், தர்ப்பை, பிண்டத்துக்கு மாவு, தட்சிணை எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று உட்காரும் முன்பே கேட்டுவிட வேண்டும். பாதி மந்திரத்தில் "கோதானத்துக்கு" என்று ஆரம்பித்தால் எழுந்திருக்கவா முடியும்? பித்ருக்கள் பெயரைச் சொல்லி மிரட்டிக் காசு பிடுங்குவது பாவம், வேறென்ன சொல்ல! ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் கரையில் கால் வைக்க இடமிருக்காது. இப்படிப் புண்ணியத் தலத்தில் செய்யும் தீர்த்த சிராத்தத்துக்குத் திதி பார்க்க வேண்டியதில்லை, சாதாரண நாளிலேயே போங்கள்.

கடல் குளியல், தர்ப்பணம், மறுபடி ஒரு முழுக்கு, அதன்பின் கோயிலுக்குள் 22 தீர்த்தம். சீட்டு விலை பலகையில் இருக்கும், அதற்குமேல் வாளிக்காரர் கேட்பது தனி. கல்தரை வழுக்கும், வயதானவர்களைக் கைபிடித்து நடத்துங்கள். கோடி தீர்த்தம் கடைசி. ஈரத் துணியோடு சன்னதிக்கு விடமாட்டார்கள், மாற்றுத் துணி மறக்காதீர்கள்.

பிறகு நேரே ராமநாதரிடம் ஓடாதீர்கள். வடக்கே இருக்கும் விசுவநாதருக்குத்தான் முதல் பூசை. லிங்கம் கொண்டுவரப் போன அனுமன் முகூர்த்தத்துக்கு வந்து சேரவில்லை, சீதை மணலில் பிடித்த லிங்கத்துக்குப் பூசை நடந்துவிட்டது. அத்தனை தூரம் தூக்கிச் சுமந்து வந்தவன் மனம் நோகக் கூடாதென்று, அவன் கொண்டுவந்த லிங்கத்துக்கே முதல் பூசை என்று வைத்தான் ராமன். முதுகில் கொழுந்துக் கூடை சுமந்த அப்பத்தாவும் கவ்வாத்துக் கத்தி பிடித்த தாத்தாவும் நிற்க வேண்டிய சன்னதி இது. தள்ளிவிடுவார்கள், கூட்டம் நெருக்கும், அரை நிமிடம்தான் கிடைக்கும். உறையிலிருக்கும் தாளை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சுமந்தவனை மறக்காத ராமா! விசுவநாதா! ராமநாதா! பர்வதவர்த்தினி தாயே! செக்ரோலில் வெறும் நம்பராகக் கிடந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட உன் வாசலில் இடம் கொடுத்தாயே, அது போதும் தாயே, அது போதும்.